எது எடுப்பது? வன்னிப் பலகாரங்களும் படங்களும் சோடி சோடியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னி வழியாகப் போகும் ஏ9 பாதையில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் ஏறினாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பலகாரங்கள் அருகருகே இருக்கும். வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே கதை இரண்டு மொழியில் ஓடும். எதை எடுப்பது என்று கேட்கிறவருக்கு "இரண்டும் நல்லதுதான்" என்பது மரியாதையான பதில். ஆனால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இங்கே ஒவ்வொரு சோடிக்கும் என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஏன் அப்படி என்பதையும் சொல்கிறேன். உங்கள் நாக்கு வேறு மாதிரிச் சொன்னால் அந்தக் காரணத்தை வைத்து நீங்களே முடிவெடுக்கலாம்.

எந்த அடிப்படையில் சோடி சேர்க்கிறீர்கள்?

நெருங்கிய உறவு இருக்கவேண்டும். வடையையும் லட்டையும் மோதவிட்டால் காரம் விருப்பமா இனிப்பு விருப்பமா என்பதுதான் தெரியவரும், வடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே மா, ஒரே எண்ணெய், ஒரே உள்ளீடு, அல்லது ஒரே கதை இருக்கவேண்டும். அப்படிச் சேர்த்த பிறகு இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடுவதுதான் வேலை. பெரும்பாலும் அது ஒரேயொரு இடம். உழுந்தை எவ்வளவு அரைத்தார்கள், கிழங்கை அவித்தார்களா இல்லையா, பேய் எந்த மொழியில் பேசுகிறது. அந்த அளவுதான். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து வருபவை.

பலகாரம் என்றால் இரண்டும் ஒரே நாளில் செய்ததாக இருக்கவேண்டும். ஒன்று சுடச்சுட, மற்றது காலையில் பொரித்தது என்றால் அந்தப் போட்டி நியாயமில்லை. முதல் கடியைச் சம்பல் தொடாமல் கடியுங்கள். நடுவில் சீனி போடாத பிளேன்ரீ ஒரு வாய்.

முறிகண்டியில் வாங்கும் கச்சான் (நிலக்கடலை): வறுத்ததா, அவித்ததா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நியாயமும்தான். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனங்கள் நிற்பதும், தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதும் இந்தப் பாதையின் வழக்கம். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டு, போர் முடிந்தபின் மறுபடி திறந்தபோதும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை.

வறுத்த கச்சானின் சூட்சுமம் மணல். தாச்சியில் மணலைக் காயவிட்டு அதற்குள் கச்சானைக் கொட்டிக் கிளறுவார்கள். வெறும் தாச்சியில் வறுத்தால் கோது தாச்சியில் படும் பக்கம் மட்டும் கருகும். மணல் கோதைச் சுற்றிவர மூடிக்கொள்வதால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறங்கும். கச்சானில் ஏறக்குறைய அரைவாசி எண்ணெய்தான். அந்த எண்ணெய் சூடேறி, பருப்பு உள்ளுக்குள் இளம் பொன்னிறமாகும்போது வருகிற வாசத்துக்குத்தான் பஸ்ஸில் நித்திரையாக இருப்பவரும் எழும்புகிறார். நன்றாக வறுபட்டதா என்று பார்க்க ஒன்றை உடைத்துப் பருப்பின் செந்தோலை விரலால் உரசுங்கள். தோல் உடனே கழன்று வந்தால் சரி. ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அவித்த கச்சான் வேறு உலகம். மாரி மழைக்கு விதைத்த கச்சானைத் தை, மாசியில் பிடுங்குவார்கள். அந்தப் பச்சைக் கச்சானைக் கோதோடு உப்புத் தண்ணீரில் அவிக்க வேண்டும். உப்பு கோதுக்குள் ஊறி, பருப்பு பயறு போல மெத்தென்று வரும். கச்சான் உண்மையில் பயற்றுக் குடும்பம். பூ மேலே பூக்கும், பிறகு அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும். அவித்துத் தின்னும்போது அந்தக் குடும்பச் சுவை தெரியும், வறுத்தால் மறைந்துபோகும்.

இரண்டும் பிரிகிற இடம் ஈரம். காய்ந்த கச்சானை இரவு முழுக்க ஊறப்போட்டு அவித்தாலும் பச்சைக் கச்சானின் இனிப்பு வராது. என் தீர்ப்பு: தை, மாசியில் அவித்தது, மற்ற மாதங்களில் வறுத்தது. அவித்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாள் புளிக்கும். எதை வாங்கினாலும் சுருங்கிய, நிறம் மாறிய, கைக்கிற பருப்பைத் துப்பிவிட வேண்டும். சரியாகக் காயாத கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

உழுந்து வடையா, கடலை வடையா?

உழுந்து வடை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நல்ல உழுந்து வடை கிடைப்பது கடலை வடை கிடைப்பதைவிடக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டும் ஊறவைத்து, அரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் போட்டுப் பொரிப்பவைதான். பிரிகிற இடம் அரைப்பு. கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, ஒரு பிடி பருப்பை முழுதாகவே விட்டுத் தட்டினால் போதும். அந்த முழுப் பருப்பு எண்ணெயில் முறுகிப் பல்லில் படும்போது வருகிற சத்தம்தான் கடலை வடையின் அழகு. உழுந்தில் அந்தச் சலுகை கிடையாது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பசை போல வரும்வரை அரைக்கவேண்டும். உழுந்தின் வழுவழுப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரைத்த பிறகு கையால் அடித்துக் குழைப்பதும் அதற்காகத்தான். சிறு உருண்டையைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டால் மிதக்கவேண்டும். தாழ்ந்தால் இன்னும் அடிக்கவேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் மா இளகிவிடும். நடுவில் துளை போடுவது நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடாமல் இருக்க.

உழுந்துக்கு என் ஆதரவு வெறும் சுவையால் வந்ததுமில்லை. வவுனியாவைச் சுற்றி மாரி மழையை நம்பி மேட்டுக்காணிகளில் விதைக்கிற பயிர் இது. மழை காலம் தப்பிப் பெய்தால் செடியிலேயே அழுகும். அறுவடை நேரத்து மழையில் கறுத்துப்போன உழுந்தை மூட்டையோடு பார்த்தவர்களுக்கு, அந்த வடையின் பின்னால் எத்தனை பேருடைய பாடு இருக்கிறது என்று தெரியும். கடலைப்பருப்பு கப்பலில் வருகிறது. வன்னியில் இருந்துகொண்டு இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நம் மண்ணில் விளைந்ததை எடுப்பேன்.

ஒன்று மட்டும்: எண்ணெய் சரியாகக் காயாத கடையில் உழுந்து வடை வாங்காதீர்கள். அது எண்ணெயைக் குடித்துவிடும். அந்த இடத்தில் கடலை வடை தப்பிக்கும்.

தட்டை வடையும் உழுந்துதானே, அதை ஏன் சேர்க்கவில்லை?

உழுந்து இருக்கிறது. ஆனால் பருத்தித்துறை வடை என்றும் சொல்லப்படும் தட்டை வடையில் கோதுமை மாவும் சேர்ந்து, மெல்லிசாகத் தட்டி, ஈரம் முழுக்கப் போகும்வரை பொரிக்கிறார்கள். பிரிகிற இடம் ஈரம் என்றால் இதன் சோடி முறுக்குத்தான். அந்தச் சோடியில் தட்டை வடைக்கு ஒரு படி மேலிடம் கொடுப்பேன், செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் அதில் கூடுதலாக எழும்பி நிற்பதால். முறுக்குச் சுடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கோதுமை மாவை அவித்து அரித்துவிட்டுப் பிசையுங்கள். பச்சை மாவில் உள்ள இழுவை அவித்தால் அடங்கும், முறுக்கு மொறுமொறுவென்று உடையும்.

ரோல்ஸா, பற்றிஸா?

உள்ளீடு ஒன்றுதான்: கிழங்கோடு இறைச்சியோ ரின்மீனோ, மிளகுத்தூள், வெங்காயம். வெளிக்கோதில்தான் பிரிகின்றன. ரோல்ஸின் கோது முட்டை சேர்த்துக் கரைத்துச் சுட்ட மெல்லிய அப்பம். அதில் உள்ளீட்டைச் சுருட்டி, கரைசலில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். வெளியே முறுகல், உடனே ஒரு மெத்தை, பிறகு உள்ளீடு. பற்றிஸ், மாஜரீன் சேர்த்துப் பிசைந்த மாவை அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தி ஒட்டியது. மொறுமொறுப்பு ஒரே அடுக்கு, உள்ளே பாதி காற்று.

சுடச்சுட என்றால் ரோல்ஸ். பஸ்ஸில் கொண்டுபோக பற்றிஸ். ரோல்ஸ் ஒரு மணித்தியாலத்தில் வியர்த்துத் தளர்ந்துவிடும், பற்றிஸ் ஆறினாலும் தாங்கும். காலையில் பொரித்ததைப் பின்னேரம் மறுபடி எண்ணெயில் போட்டுச் சூடாக்கித் தரும் கடையில் இரண்டையும் விடுங்கள். அங்கே பிளேன்ரீ மட்டும் குடியுங்கள்.

மோதகமும் கொழுக்கட்டையும் ஒன்றுதானே?

மா ஒன்று, உள்ளீடு ஒன்று: வறுத்துக் குற்றி அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய். வடிவம்தான் வேறு. ஆனால் வடிவம் சும்மா இல்லை. கொழுக்கட்டையின் ஓரத்தை மடித்து மடித்துக் கொண்டுபோகும்போது அந்த ஓரம் முழுக்க வெறும் மாவாக நிற்கும். மோதகத்தில் ஓரமே இல்லை, உச்சியில் ஒரு கூர் மட்டும். அதனால் ஒரு வாய்க்கு உள்ளீடு கூட. உள்ளீட்டுக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு மோதகம். ஆடிப்பிறப்புக்குக் கூழோடு வைக்கும்போது எனக்குக் கொழுக்கட்டையின் அந்த மாவோரம்தான் விருப்பம், கூழில் தோய்க்க. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டையில் பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டு குத்துவதற்கும் அந்த ஓரம் வேண்டும்.

சுசியமும் பயத்தம் பணியாரமும்?

இரண்டும் பயற்றை உருட்டி மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பது. சுசியத்தில் பயறு அவித்தது, பணியாரத்தில் வறுத்துத் திரித்த மா. சுசியம் அன்றைக்கே, பணியாரம் போத்தலில் வைத்துக் கிழமைக்கணக்கில். சுடச்சுடச் சுசியத்துக்கு நிகராக எதையும் சொல்லமாட்டேன்.

ஒடியல் எது, புழுக்கொடியல் எது? கடிக்க எது நல்லது?

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துவிட்டுக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவாகி, கூழுக்கும் பிட்டுக்கும் போகவேண்டியது. கடிக்கப் புழுக்கொடியல், ஒரு தேங்காய்ச் சொட்டும் பச்சைமிளகாயும் சேர்த்து. ஆகவே இது போட்டியே இல்லை, ஆனாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்கிறார்கள்.

படங்களைப் பலகாரங்களோடு ஏன் சேர்க்கிறீர்கள்?

முறை ஒன்றுதான் என்பதால். ஒரே கதையை இரண்டு பேர் எடுக்கும்போது, எந்த இடத்தில் கை மாறியது என்று பார்க்கலாம். இணையம் வந்த பிறகு மலையாள, தெலுங்கு மூலங்களை நம் வீடுகளிலும் பார்க்கிறார்கள். "மூலம்தான் எப்போதும் மேல்" என்று ஒரு கூட்டம், "தமிழில் பார்த்தால்தான் ஒட்டுகிறது" என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

'மணிச்சித்திரத்தாழ்' மேலா, 'சந்திரமுகி' மேலா?

பாசில் இயக்கிய மலையாளப் படம் 1993. அது கன்னடத்தில் 2004இல் 'ஆப்தமித்ரா' ஆகி, அதை எடுத்த பி. வாசுவே 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யை எடுத்தார். மூடிக்கிடக்கும் மாளிகை, பூட்டிய அறை, பழைய நடனக்காரி, அந்த நடனக்காரியாகவே மாறிப்போகும் மனைவி, கண்டுபிடிக்க வரும் மனநல மருத்துவர்.

பெரும்பாலானோர் சொல்லும் வித்தியாசம் நாயகன். மலையாளத்தில் மோகன்லால் கதை நன்றாக ஊன்றிய பிறகுதான் உள்ளே வருகிறார். அதுவரை படம் அந்த வீட்டுக்குச் சொந்தம். தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடு வந்துவிடுகிறார். அது உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் பிரிவு வேறு. மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். மலையாளப் பார்வையாளருக்கு அவள் குரல் அந்நியம், பயம் அங்கேதான் பிறக்கிறது. தமிழுக்கு வரும்போது பேய் தமிழ் பேசினால் அந்த அந்நியம் போய்விடும். அதனால் சந்திரமுகியை ஆந்திராவிலிருந்து கொண்டுவரப்பட்டவள் ஆக்கி, அவள் பாட்டையும் தெலுங்கில் வைத்தார்கள். மிகச் சரியான முடிவு.

ஆனால் நாம் மலையாளப் படத்தைப் பார்க்கும்போது நடப்பதே வேறு. கணவன் வெளியே போகவேண்டாம் என்று தடுக்கும் அந்தக் காட்சியில், மனைவியாக வரும் ஷோபனாவின் கண் மாறி, குரல் மாறி, திடீரென்று தமிழ் வருகிறது. துணையெழுத்து வாசித்துக்கொண்டிருந்த நமக்கு அந்த இடத்தில் துணையெழுத்தே தேவையில்லை. படத்தில் நமக்கு விளங்குகிற ஒரே ஆள் அவள்தான். பயத்தைவிட இரக்கம் வருகிறது: சொந்த ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டு, பூட்டிய அறைக்குள் செத்துப்போன ஒருத்தி நம் மொழியில் அழுகிறாள். இதைப் பாசில் நினைத்து எடுத்திருக்க முடியாது, தமிழருக்கு மட்டும் கிடைக்கிற படம் அது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் அதே பாத்திரத்தில் வரும் ஜோதிகாவும் உயிரைக் கொடுத்துத்தான் நடித்திருக்கிறார். குடும்பமாக இருந்து சிரித்துப் பார்க்க 'சந்திரமுகி'. தனியே இருந்து பார்க்க 'மணிச்சித்திரத்தாழ்'. என் வாக்கு மலையாளத்துக்கு.

'த்ரிஷ்யம்', 'பாபநாசம்'?

இரண்டையும் எடுத்தவர் ஜீத்து ஜோசப்தான், 2013இலும் 2015இலும். காவல்துறை அதிகாரியாக இரண்டிலும் ஆஷா சரத். கேபிள் தொலைக்காட்சி நடத்தும் ஒருவன், பார்த்த படங்களில் படித்ததை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். காட்சிக்குக் காட்சி ஒன்றுதான். பிரிகிற இடம் முடிவில், எதிர்த்தரப்புப் பெற்றோருக்கு முன்னால் அவன் நிற்கும் இடம். மோகன்லால் அடக்கிக்கொண்டு பேசுகிறார். கமல்ஹாசன் உடைந்துபோகிறார்.

பார்க்காதவர்களுக்காக இதற்குமேல் சொல்லவில்லை. எனக்குத் 'த்ரிஷ்யம்'. அந்த மனிதன் கடைசிவரை எதையும் வெளியே காட்டாதவன், அப்படித்தான் அவனால் தப்ப முடிந்தது. 'பாபநாசம்' படத்தின் பலம் ஜெயமோகன் எழுதிய வசனம், அந்தத் தென்தமிழ்நாட்டு வட்டார வழக்கு. வட்டார வழக்கிலேயே வாழ்கிற நமக்கு அதைக் கேட்பதே ஒரு சந்தோஷம்.

'ஒக்கடு', 'கில்லி'?

'கில்லி'. 2003இன் தெலுங்குப் படத்திலும் 2004இன் தமிழ்ப் படத்திலும் பிரகாஷ்ராஜ்தான் வில்லன். ஒரே நடிகர் ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நடிப்புப் படிக்கிறவர்களுக்கு நல்ல பாடம். தமிழில் அவர் பிள்ளைத்தனத்தைக் கூட்டியிருக்கிறார், அதனால் பயமும் கூடுகிறது. சார்மினாருக்குப் பதில் கலங்கரை விளக்கம், மற்றதெல்லாம் வேகம். 2024 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்தபோதும் கூட்டம் வந்தது.

நம்மைப் பற்றிய படங்களில்? 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'தீபன்'?

கதை வேறு, ஆனால் கேள்வி ஒன்று: போர் பெற்றோரிடமிருந்து பிரித்த ஒரு பெண்பிள்ளைக்கு யார் தாய்? மணிரத்னத்தின் படம் (2002) மாங்குளத்தில் தொடங்குகிறது. ஆனால் படமாக்கியது இந்தியாவில். முல்லைத்தீவுப் பாதை பிரியும் சந்தியையும், சிவந்த மண்ணையும், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டையும் தெரிந்தவர்களுக்குத் திரையில் வருவது வேறு ஊர். பேச்சும் பல இடங்களில் ஒட்டவில்லை. ஆனாலும் சனம் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு நடக்கும் காட்சி வரும்போது நான் எந்தக் குறையும் பார்க்கவில்லை.

ஜாக் ஓதியாரின் 'தீபன்' (2015) கான் விழாவில் தங்கப்பனை வென்றது. இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். தீபனாக வருபவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவர் வாயைத் திறந்தால் நம் வீட்டுப் பேச்சு. சமையலறையில் மூவரும் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்கும் காட்சிகளுக்காக மட்டுமே இதைப் பார்க்கலாம். கடைசியில் துப்பாக்கிச் சண்டைக்குப் போனது படத்தைச் சாதாரணமாக்கிவிட்டது. ஆனாலும் என் தெரிவு 'தீபன்'. பேச்சு உண்மையாக இருந்தால் மற்றப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

மூலத்தை முதலில் பார்க்கவேண்டுமா?

தேவையில்லை. முதலில் பார்த்தது எதுவோ அதுதான் மனதில் மூலமாகிவிடும். அதனால் இரண்டாவதைப் பார்க்குமுன் ஒரு கிழமையாவது இடைவெளி விடுங்கள். நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் முழுப் படத்தையும் எடுக்காமல் ஒரே காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சலில் எதை அனுப்புவது?

ஈரம் இல்லாதவை எல்லாம் தாங்கும்: தட்டை வடை, முறுக்கு, பயத்தம் பணியாரம், புழுக்கொடியல், வறுத்த கச்சான். உழுந்து வடையையும் சுசியத்தையும் நினைக்கவே வேண்டாம். பொரித்ததை முழுதாக ஆறவிட்டுத்தான் பையில் போடவேண்டும். சூடு இருக்கும்போது கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய எண்ணெயில் பொரித்தது போய்ச் சேருமுன் சிக்கு மணம் அடிக்கும், புது எண்ணெயில் பொரித்துக் கொடுங்கள். கச்சானைக் கோதோடு அனுப்புவது நல்லது, உடைத்த பருப்பு கெதியில் காறிவிடும். பையின் வெளியே "கச்சான்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அங்கே பல பள்ளிக்கூடங்களில் ஒவ்வாமை காரணமாகக் கச்சான் கொண்டுபோக விடுவதில்லை, பேரப்பிள்ளைகள் தெரியாமல் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது.